கொலைகாரனுக்கு ஒரு பெயர்

உ
திருகோணமலை,
12.02.1996

என் அன்பு ரபீக்கா,

கொழும்புப் பத்திரிகை ஒன்று மர்மக் குறுநாவல் போட்டி வைத்திருக்கிறது. ஜூன் முடிவதற்குள் அனுப்பவேண்டும். அறிவித்தலை வாசித்தவுடன் உன் முகம்தான் வந்து நின்றது. டைப்பிங் வகுப்பில் மெசினுக்கு அடியில் வாடகைப் புத்தகத்தை வைத்து வாசித்து, கடைசிப் பக்கங்களை மட்டும் கழற்றி ஒளித்துவிட்டு, "ஆர் கொலைகாரன் எண்டு முதல்ல சொல்லு, பிறகு தாறன்" என்று என்னை வதைத்தவள் நீதானே!

உன்னைக் கண்டு எவ்வளவு காலம்! கிண்ணியாத் துறையில் பாதை என்கிற அந்தப் பெரிய மிதவையில் ஏறினால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நீ. ஆனால் சந்தையில் குண்டு வெடித்ததிலிருந்து பாதை என்ற சொல்லைக் கேட்டாலே அம்மா ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிடுகிறா. உன் வாப்பாவும் உன்னை இந்தப் பக்கம் விடமாட்டார். ஆகவே தபாலில் சேர்ந்து எழுதுவோம். ஒற்றைப்படை அத்தியாயங்கள் எனக்கு, இரட்டைப்படை உனக்கு. கொலைகாரன் யாரென்று ஒருவருக்கொருவர் சொல்லக்கூடாது. எழுதி எழுதியே ஒருவரை ஒருவர் மடக்கவேண்டும்.

முதல் அத்தியாயம் இத்துடன் வருகிறது. இறங்குதுறையில் ஐஸ்பெட்டியைத் திறந்தால் மீனுக்கு நடுவில் மீன் முதலாளியின் சவம். துப்பறிய வருகிறவர் சிவகுருநாதன். நீளமான கறுப்புக் கோட், வாயில் புகைகிற சுங்கான். அலுவலகத்தில் கப்பல் பட்டியல் அடிக்கிற சாக்கில் அடித்தது. பிழை இருந்தால் கப்பலைத் திட்டு.

தம்பி புவனேந்திரன் வாசித்துவிட்டு, "அக்கா, சவம் நல்லா இருக்கு. மற்ற ஆக்கள்தான் செத்துப்போய்க் கிடக்கினம்" என்றான். அவனுக்கென்ன தெரியும்! நீ சொல்லு.

உன்,
குணேஸ்வரி

786
கிண்ணியா,
21.02.1996

குணம்,

தம்பி சொன்னதுதான் சரி. அவனுக்கு என் சலாம் சொல்லு.

முதலில் அந்தக் கோட். நம் ஊர் வெயிலில் கோட் போடுகிறவன் எவனடி? முதல் ஆமிச் சென்றியிலேயே சிவகுருநாதனைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, கோட்டைக் கழற்றி, உள்ளே குண்டு இல்லையென்று அவர்கள் நம்புவதற்குள் உன் சவம் நாறிவிடும். நான் அவருக்குச் சாரமும் சேர்ட்டும் கொடுத்திருக்கிறேன். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய்வுத் தொல்லைக்காரர். சுங்கானைப் பிடுங்கிவிட்டு வெற்றிலை கொடுத்தேன்.

இரண்டாவது, சவத்தைக் கண்டவர்கள் எல்லாரும் பொலிசுக்கு ஓடுகிறார்கள். எந்த நாட்டில்? உன் ஊரானாலும் என் ஊரானாலும் சவத்தைக் கண்டவன் கதவைச் சாத்திக்கொண்டு "நான் காணேல்ல" என்பான். நாம் வாசித்த புத்தகங்களில் கொலைகாரன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது, எல்லாரும் கேட்பார்கள். இங்கே பாதிப்பேருக்குத் தெரியும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதனால் நம் சிவகுருநாதன் கொலையைப் பற்றியே கேட்கக்கூடாது. மீன் விலை கேட்கட்டும், யார் மகளுக்குக் கலியாணம் என்று கேட்கட்டும். சனம் தானாகக் கொட்டும்.

மூன்றாவது, துப்பை நீ அலுமாரிக்குள் பூட்டி வைக்கிறாய். அது களவு. சட்டையில் தையல் பிசகினால் நான் அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பூ வைத்துத் தைப்பேன். பிசகு எல்லாருக்கும் முன்னால்தான் கிடக்கும், கண் பூவில் நிற்கும். துப்பையும் நாலு சாதாரண விசயத்துக்கு நடுவில் போடு.

இரண்டாம் அத்தியாயம் வருகிறது. கோபிக்காதே. கோபித்தாலும் எழுது.

ரபீக்கா

உ
திருகோணமலை,
06.03.1996

அன்பு ரபீக்கா,

கோபித்தேன். ஒரு நாள் முழுக்க. பிறகு உன் அத்தியாயத்தில் சிவகுருநாதன் ஏப்பம் விட்டுக்கொண்டே மீன்காரியின் வாயைக் கிளறுகிற இடத்தை வாசித்து, அலுவலகத்தில் தனியாக இருந்து சிரித்தேன். முதலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் அத்தியாயத்தில் ஆட்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறேன். ஐஸ் ஆலைக் கிளாக்கர் கனகசுந்தரம் வருகிறான், பாவம், நோயாளித் தாய், சொல்ல முடியாத ஒரு காதல். சந்தேகம் இப்போது படகு முதலாளி ஸைனுலாப்தீன் மேல் விழுந்திருக்கிறது. சிவந்த கண். யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார். எப்போதும் கத்தி தீட்டிக்கொண்டிருப்பார். அதிகம் விளக்கத் தேவையில்லை, வாசிக்கிறவர்களுக்கு உடனே விளங்கும்.

தம்பிக்கு என் அலுவலகத்திலேயே வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. கிடைத்தால் உனக்கு மஸ்கெற் இனிப்பு அனுப்புவேன்.

குணம்

786
கிண்ணியா,
15.03.1996

குணம்,

வாசிக்கிறவர்களுக்கு உடனே விளங்கும் என்று எழுதியிருந்தாய். எனக்கும் உடனே விளங்கிவிட்டது.

என் வாப்பாவுக்கும் படகு இருக்கிறது. அவரும் கத்தி தீட்டுகிறவர்தான். மீன் வெட்டுகிற வீட்டில் கத்தி தீட்டாமல் பென்சிலா தீட்டுவார்கள்? கடல் உப்பு பட்டால் கண் சிவக்கும். நீ எங்கள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறாய்! வாப்பா முள் எடுத்துவிட்டு உன் பீங்கானில் மீன் வைக்கவில்லையா? கனகசுந்தரத்துக்கு ஒரு தாய், ஒரு நோய், ஒரு காதல் எல்லாம் கொடுத்தாய். ஸைனுலாப்தீனுக்கு ஒரு கத்திதான் கிடைத்தது.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் கூட நோகிறது.

ஆத்திரத்தில் நாலாம் அத்தியாயத்தில் கனகசுந்தரத்தைக் கொலைகாரன் ஆக்கினேன். எழுதி முடித்து வாசித்தால், நீ செய்த அதே வேலையை நானும் திருப்பிச் செய்திருக்கிறேன். கிழித்து அடுப்பில் போட்டேன். இந்த ஊரில் கொலைகாரனுக்கு என்ன பெயர் வைக்கிறது குணம்? எந்தப் பெயரை வைத்தாலும் ஓர் ஊரே கொலைகாரர் ஆகிவிடுகிறதே. நீ இதற்கொரு வழி சொல்லும்வரை நான் எழுதமாட்டேன்.

ரபீக்கா

திருகோணமலை,
02.04.1996

ரபீக்கா,

கதைக்கு வழி யோசிக்க எனக்கு நேரமில்லை.

சனிக்கிழமை விடிய ஆமிக்காரர் எங்கள் பகுதியைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கு அழைத்து, ஒரு தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டார்கள். சாக்கினால் முகம் மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையாட்டினால் ஆளை லொறியில் ஏற்றுவார்கள். ஆட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எங்கள் புவனேந்திரனைக் கண்டதும் அவன் தலையாட்டினான்.

சத்தம்போட்டுச் சிரிக்கிறதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத பிள்ளை. அம்மா அன்றிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அலுவலகத்தில் முதலாளி ஒரு கடிதம் தந்தார். அதைப் பிடித்துக்கொண்டு முகாம் வாசலில் நிற்கிறேன்.

ஊரெல்லாம் ஒரே கதைதான். அந்தத் தலையாட்டி கிண்ணியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆள். நெருப்பில்லாமல் புகையுமா? கொலைகாரனுக்கு என்ன பெயர் என்று என்னிடம் கேட்டாயே, உன் ஊரில் விசாரித்து நீயே சொல்லு. இனி எனக்குக் கதையும் வேண்டாம், உன்னோடு கதைக்கவும் வேண்டாம்.

குணேஸ்வரி

786
கிண்ணியா,
08.04.1996

குணம்,

கதைக்க வேண்டாம் என்றாய். கதைக்கவில்லை, எழுதுகிறேன்.

புவியைப் பிடித்தார்கள் என்று வாசித்ததும் உம்மா தொழுகைப் பாயிலிருந்து எழும்பவில்லை. எனக்கு அவன் சிரிப்புத்தான் காதில் கேட்கிறது.

தபாலில் போடப் பயம், ஆகவே மீன் கொண்டுவருகிற ஜவாஹிர் நானாவின் கையில் தருகிறேன். அவர் நெற்றியில் தையல் இருக்கும். பயப்படாதே. போன கிழமை உங்கள் சந்தையில் "தலையாட்டியின்ர ஆள்" என்று சொல்லி அடித்தார்கள். இனிப் போகவேண்டாம் என்று எல்லாரும் தடுத்தோம். "அந்தப் புள்ளைக்கு இத ஆரு கொண்டு குடுக்கிற?" என்று கேட்டுவிட்டு லொறியில் ஏறிவிட்டார்.

ஒன்று கேட்கிறேன். அன்று மைதானத்தில் நீ கண்டதை எழுது. ஊர் சொன்னது வேண்டாம், நீ நினைத்ததும் வேண்டாம். கண்டதை மட்டும், கண்ட ஒழுங்கில், ஓர் அத்தியாயம் எழுதுகிறமாதிரி. அவன் எங்கள் ஊரான் என்று எனக்குத் தெரிந்தால் ஓம் என்றே சொல்லுவேன், உன் காலில் விழுவேன். இல்லையென்றால் எனக்கு என் சிநேகிதியைத் திருப்பித் தா. வேறொன்றும் வேண்டாம்.

ரபீக்கா

திருகோணமலை,
14.04.1996

ரபீக்கா,

இன்றைக்கு வருசப்பிறப்பு. வீட்டில் பொங்கவில்லை. நேற்று ஜவாஹிர் நானா படலை வாசலில் நின்று கடிதத்தை நீட்டியபோது அவர் நெற்றியைப் பார்த்தேன். உள்ளே வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவு முழுக்க அது அரித்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

பெண்களை மதிலுக்கு இந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். மைதானம் முழுவதும் தெரிந்தது. வேப்பமரத்துக்குக் கீழே ஒரு கதிரை. சாக்குக்காரனை வாகனத்திலிருந்து இறக்கி அதில் இருத்தினார்கள். நீளக்கைச் சட்டை, செருப்பில்லை. இரண்டு பக்கமும் துவக்கோடு இரண்டு பேர். முதலில் வயதானவர்களை விட்டார்கள். கோயில் ஐயர் போனார். கிராம சேவகர் போனார், அவருக்குக் கையில் ஏதோ கட்டு. பிறகு அருளம்பலம் வாத்தியார் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். அப்போது சாக்குக்காரன் கதிரையை விட்டு அரைவாசி எழும்பினான், பக்கத்தில் நின்றவன் தோளில் அமத்தி இருத்தினான். கதிரைக்கால் மணலில் புதைந்து ஆடியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு நாய் வந்தது, கல்லெறிந்து கலைத்தார்கள். கடைக்காரச் செட்டியாருக்கு மூச்சு இழுத்தது, தண்ணீர் கொடுத்தார்கள்.

பிறகு இளம் பெடியன்கள். கனபேர் போனார்கள், அவன் அசையவில்லை. துவக்குக்காரன் காலால் கதிரையை உதைத்தான். அதற்குப் பிறகுதான் ஆட்டத் தொடங்கினான். புவி எனக்கு நேரே திரும்பி, பயப்படாதே என்று கையைக் காட்டிவிட்டுப் போய் நின்றான். சாக்கு அவனைக் கனநேரம் பார்த்தது. பிறகு ஆட்டியது.

இவ்வளவுதான் கண்டேன். இதில் உனக்கு என்ன கிடைக்கும்?

குணம்

786
கிண்ணியா,
19.04.1996

குணம்,

நினைத்ததை எழுதாதே என்று சொன்னேனே. கதிரைக்கால் மணலில் புதைந்தது என்பது நீ நினைத்தது. அதைத் தள்ளிவிட்டுத் திரும்ப வாசி.

ஐயருக்கு எழும்பவில்லை. கிராம சேவகருக்கு எழும்பவில்லை. அருளம்பலம் வாத்தியாருக்கு எழும்பினான்.

முகத்தில் சாக்கு, முதுகில் துவக்கு, இருந்தும் வாத்தியார் வருகிறார் என்றவுடன் கால் தானாக எழும்பியிருக்கிறது. அது யோசித்துச் செய்கிற காரியமில்லை, பிரம்படியோடு சின்ன வயதில் ஏறுகிற பழக்கம். எங்கள் ஊராருக்கு அந்த மனிதர் தெருவில் போகிற ஒரு கிழவர். உன் வாயால் கேள்விப்பட்டதால்தான் எனக்கே அந்தப் பெயர் தெரியும். அவன் அவரிடம் படித்தவன் குணம். உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

கண்டுபிடித்ததும் முதலில் சந்தோசம் வந்தது. பொய் சொல்லமாட்டேன், சத்தம்போட்டுச் சிரித்தேன். எங்கள் ஆளில்லை, எங்கள் ஆளில்லை என்று குசினிக்குள் ஓடிப்போய் உம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் சொன்னால் உம்மா சொல்லுவா, வாப்பா சொல்லுவார், சந்தைவரைக்கும் போகும். அந்தப் பிள்ளையை யார் என்று தேடுகிறவர்கள் தேடுவார்கள். வாயை மூடிக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.

இதற்குமேல் நான் போகமாட்டேன். நீ போவாய், எனக்கு உன்னைத் தெரியும்.

ரபீக்கா

உ
திருகோணமலை,
03.05.1996

என் ரபீக்கா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வெட்கத்தில் கூசிப்போனேன். என்னை மன்னி. உன்னைச் சந்தேகித்ததற்கும் ஸைனுலாப்தீனுக்கு வெறும் கத்தியைக் கொடுத்ததற்கும் சேர்த்து மன்னி.

ஓம், நீ நிறுத்திய இடத்துக்குமேல் நான் போனேன். போகாமல் இருக்க ஏலவில்லை. முகாம் வாசலில் என்னோடு ஓர் அம்மா சாப்பாட்டுப் பார்சலோடு நிற்கிறா. மகனைப் பொங்கலுக்கு முன்பே பிடித்துவிட்டார்கள். வாத்தியாரிடம் படித்தவன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெடியன்களில் அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே உள்ளே இருந்தவன் அவன் ஒருவன்தான். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்குச் சனிக்கிழமை சாப்பாட்டைத் திருப்பித் தந்திட்டாங்கள் பிள்ளை. ஆள் இல்லையாம், வெளியில கூட்டிக்கொண்டு போனவையாம். விடத்தான் போறாங்கள் போல" என்று சந்தோசமாகச் சொன்னா. அந்தக் கை என் கைக்குள் இருந்தது. எனக்கு அவவைத் தள்ளிவிடவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. அவவின் பார்சலையும் வாங்கி என் பார்சலோடு உள்ளே கொடுத்தேன்.

அந்தப் பெயரை எழுதமாட்டேன். ஆனால் நான் வாயை மூடினால் பழி உங்கள் ஊரின் மேல் கிடக்குமே! இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். பிறகு அம்மாவையும் இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். ஜவாஹிர் நானாவின் பெட்டிக்கு முன்னால் ஈ மட்டும்தான் நின்றது. சந்தையே பார்க்கப் பாரைக்குட்டி வாங்கினேன். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற இராசையா மாமா வந்து சத்தம் போட்டார்.

"உன்ர தம்பியைக் காட்டிக் குடுத்தவங்களிட்டயோ மீன் வாங்கிறாய்?"

"அவங்கள் இல்லை மாமா. என்ர தம்பியெல்லோ, எனக்குத் தெரியாதோ?"

"அப்ப ஆர்?"

"அவங்கள் இல்லை எண்டு மட்டும்தான் தெரியும். நீங்கள் மீன் வாங்க வந்தனீங்களோ, விசாரிக்க வந்தனீங்களோ?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தா. ஆனால் பையை விரித்துப் பிடித்தது அவதான். இப்போது நாளாந்தம் போகிறேன். நேற்று இன்னும் இரண்டு பெண்கள் வந்து வாங்கினார்கள்.

உன் குணம்

786
கிண்ணியா,
10.05.1996

குணம்,

நானா வந்து சொன்னார். "டவுன் பொம்புளை ஒருத்தி விலை கேக்காம மீன் வாங்கின இண்டைக்குத்தான் காணுறன். மெய்யாலும் என்னமோ நடந்திருக்கு" என்றார். நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நெற்றித் தையல் பிரித்தாயிற்று. வடு இருக்கும்.

அந்தப் பெயரை எனக்கு எப்போதும் எழுதாதே. நான் நல்லவள் என்று நம்பிவிடாதே. அந்த வடுவைக் காணும்போதெல்லாம் எனக்குச் சொல்லவேண்டும்போல் வரும். தெரியாமல் இருந்தால்தான் சொல்லாமல் இருப்பேன்.

நம் கதை அப்படியே கிடக்கிறது. வாடகைப் புத்தகங்களில் பெயரைச் சொன்னவுடன் கதை முடிந்துவிடும். இங்கே பெயரைச் சொன்னால் இன்னொரு சவம் விழும். நம் சிவகுருநாதன் கண்டுபிடித்துவிட்டு என்ன செய்வார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நாலாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதி அனுப்புகிறேன். அதில் ஸைனுலாப்தீனுக்கு மூன்று மகள்கள், மூத்தவளுக்குப் பாட்டுப் பைத்தியம். இனி அவரை யார் கொலைகாரன் என்று சொன்னாலும் வாசிக்கிறவர்களுக்கு வயிற்றைப் பிசையும். எல்லாருக்கும் அப்படிச் செய்தால் கொலைகாரனே மிஞ்சமாட்டானோ என்னவோ. செய்துதான் பார்ப்போமே.

தம்பி வருவான். இன்ஷா அல்லாஹ்.

ரபீக்கா

உ
திருகோணமலை,
23.06.1996

என் ரபீக்கா,

புவி வந்துவிட்டான்! வியாழக்கிழமை பின்னேரம் விட்டார்கள். மெலிந்துபோய், ஒரு காதில் கேட்கிறது குறைவாக, ஆனால் வந்துவிட்டான். அம்மா அவனைச் சாப்பிட விடாமல் தடவிக்கொண்டே இருக்கிறா.

அதே கிழமை அந்தப் பிள்ளையையும் விட்டார்கள். இன்று மத்தியானம் தாயும் அவனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாய்க்கு ஒன்றும் தெரியாது, என்னோடு வாசலில் நின்ற நன்றிக்கு மகனைக் காட்ட வந்தவ. அவன் முற்றத்திலேயே நின்றான். நான் குசினிக்குள் போய்விட்டேன் ரபீக்கா. கண்டுபிடிக்கிறது வேறு, முகத்தைப் பார்க்கிறது வேறு. இவன் தலை அசைந்ததால்தானே என் தம்பிக்குக் காது போனது என்று வந்தது. மன்னித்துவிட்டேன் என்று உனக்குப் பெருமையாக எழுதலாம், ஆனால் அந்த நேரம் மன்னிக்கவில்லை.

புவி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, உனக்குத் தெரியும்தானே?"

"ஓம். உனக்கு?"

"எனக்கு அண்டைக்கே தெரியும். ஆராவது நாலு பேரைக் காட்டாட்டி அவன்ர அம்மாவைக் கொண்டு வருவம் எண்டவங்களாம். ஒண்டிலயும் சம்பந்தப்படாத ஆக்களாப் பாத்துத்தான் காட்டினவன். அப்பிடியான ஆக்களை விட்டிருவாங்கள் எண்டு நினைச்சானாம். உள்ளுக்க என்னட்டச் சொல்லி அழுதவன்."

நான் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து திரும்ப மூடினேன்.

"சோறு போடு அக்கா. அவனுக்குக் கைவிரல் மடக்க ஏலாது. நீதான் பிசைஞ்சு குடுக்கவேணும்."

போட்டேன். அவனைக் கதிரையில் இருத்தி, முன்னால் இருந்து, சோற்றையும் மீன் குழம்பையும் பிசைந்தேன். விரல்களைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். நகமில்லை. முதல் உருண்டையை அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் வாய்க்குள் போட்டுவிட்டு விழுங்காமல் அப்படியே இருந்தான். "முள் எடுத்துத்தான் வைச்சனான், பயப்பிடாமல் சாப்பிடு" என்றேன். பிறகு விழுங்கினான். தாய் பக்கத்தில் இருந்து, "எங்கட குணம் கை பட்டா எப்பவும் ருசிதான்" என்று சிரித்தா. புவியும் சிரித்தான், பழையபடி சத்தமாக.

போட்டிக்கு இனி நேரமில்லை. போகட்டும், நாம் மெதுவாக எழுதுவோம். ஆனால் இதை மட்டும் கதையில் சேர்க்காதே ரபீக்கா. இது உனக்கு மட்டும் எழுதினது. வாசித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

உன்,
குணம்